சுவருக்கு ஒரு நாகணவாய்: பழைய பறவை ஓவியங்களைக் கையால் நகலெடுப்பது எப்படி?

எங்கள் தெருமுனையில் ஓர் அரசமரம் இருக்கிறது. அது பழுக்கும் நாட்களில் கருங்கொண்டை நாகணவாய்கள் நாலைந்தாக வந்து இறங்கும். எண்ணெய் வைத்து வாரிவிட்டதுபோல் கறுத்த கொண்டை, சந்தனத்தில் கொஞ்சம் செம்மண் குழைத்ததுபோல் நெஞ்சு, சாம்பல் முதுகு. இதே பறவையை 1777-இல் கல்கத்தாவில் ஷேக் ஜைனுத்தீன் என்ற ஓவியர் இலந்தை மரத்தோடு சேர்த்து வரைந்தார். கூடவே இரண்டு பட்டு அந்துப்பூச்சிகள், ஒரு புழு, ஒரு கூடு. அந்த ஓவியம் இன்று அமெரிக்காவில், மினியாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நான் கையால் வரைந்தது.

நான் ஓவியம் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடத்தோடு பிரஷ்ஷை விட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல அச்சுப்படம் ஒன்றை வாங்கி மாட்டினால் போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். என் பதில் இதுதான்: நெஞ்சுச் சிறகுகளை ஒவ்வொன்றாகத் தீட்டி முடித்து, அலகுக்கு வந்தபோதுதான் அதன் அடிப்பகுதி நீலமாக இருப்பது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் ஆறு வருடமாக அந்த அரசமரத்தின் கீழ்தான் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நாம் நகலெடுப்பது அந்த ஓவியர் கண்ட பறவையை. இருநூறு வருடம் பழுத்த தாளை அல்ல. கீழே சொல்லும் பல முடிவுகள் இதிலிருந்துதான் வருகின்றன.

எந்தப் பறவை?

பெரும்பாலோர் அமெரிக்கப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபானிலிருந்து தொடங்குகிறார்கள். 1827 முதல் 1838 வரை வெளியான அவருடைய 435 அமெரிக்கப் பறவைத் தகடுகள் அத்தனை புகழ் பெற்றவை. லண்டனில் ராபர்ட் ஹேவல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட, ஒவ்வொரு தாளுக்கும் ஆட்கள் உட்கார்ந்து கையால் வண்ணம் தீட்டினார்கள். பறவை உயிரளவில் இருக்க வேண்டும் என்பது ஆடுபானின் பிடிவாதம். அதற்காக ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் தாளை எடுத்தார். அதிலும் பூநாரை அடங்கவில்லை. 431-ஆம் தகட்டில் அது கழுத்தை வளைத்துத் தலையைக் கால்வரை தாழ்த்தி நிற்பதைப் பார்த்தால், தாள் எவ்வளவு நெருக்கடி கொடுத்தது என்று புரியும்.

ஆனாலும் முதல் நகலுக்கு ஆடுபான் வேண்டாம் என்பேன். அந்தப் பறவைகளில் பெரும்பாலானவற்றை நாம் நேரில் பார்த்ததில்லை. எங்கே தவறினோம் என்று நம் கண்ணுக்கே தெரியாது. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்டின் நூல்களில் இமயமலைப் பறவைகள் இருக்கின்றன; 1830-களின் தொடக்கத்தில் அவருடைய மனைவி எலிசபெத் கூல்டு கல்லச்சுக்காக வரைந்தவை. அழகானவை, ஆனால் மினுமினுக்கும் சிறகுகள் அதிகம். ரீங்காரச் சிட்டுகளின் மினுக்கத்தைக் காட்ட கூல்டு பிற்பாடு தங்க ரேக்கும் வார்னிஷும் பயன்படுத்த வேண்டி வந்தது. மினுக்கம் கைக்கு வர நாளாகும். மயிலும் இதனால்தான் முதல் படத்துக்கு ஆகாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேறு செல்வம் இருக்கிறது. எலிசபெத் குவில்லிம் என்ற பெண்மணி 1801-இல் இங்கே வந்தார். கணவர் அப்போது புதிதாக ஏற்பட்ட மதராஸ் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி. ஆறு வருடத்தில், 1807-இல், எலிசபெத் இங்கேயே இறந்துபோனார். ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த ஆறு வருடத்தில் மதராஸ் பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளியிருக்கிறார். ஆடுபானின் முதல் தகடு அச்சேறுவதற்கு இருபது வருடத்துக்கு முந்தைய வேலை இது. அது யாரும் அறியாமலே இருந்தது. 1924-இல் கேசி உட் என்ற கண் மருத்துவர் லண்டனில் அந்த ஓவியங்களைக் கண்டெடுத்தார். இன்று 121 பறவை ஓவியங்கள் கனடாவில், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நூலகம் அவற்றை இணையத்திலும் வைத்திருக்கிறது. நம் கடற்கரைக் காற்றில் வரைந்த பறவைகள் பனிநாட்டில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது ஒரு சென்னைக்காரர் கையால் வரைந்து சென்னைச் சுவரில் மாட்டுவது எனக்கு மிகவும் பிடித்த எண்ணம்.

இன்னொன்று, மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ஐம்பது தகடுகள். பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகள். நூல் இங்கேயே வெளிவந்தது. நம் ஊர் ஓவியர்களின் கையும் அதில் உண்டு. முகலாயர் பக்கம் போனால் ஜஹாங்கீரின் அவை ஓவியர் மன்சூர் இருக்கிறார். ஆனால் அந்த நுணுக்கத்தை மூன்றாம் நான்காம் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜைனுத்தீனை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அவரை வேலைக்கு வைத்த மேரி இம்பே என்ற பெண்மணி, கல்கத்தா வீட்டுத் தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் உயிரோடு வளர்த்தார். ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூவரும் பாட்னாவிலிருந்து வந்தவர்கள். செத்த பறவையின் தோலை மட்டும் வைத்து வரைந்த பல ஐரோப்பிய ஓவியர்களுக்கு இல்லாத வசதி இவர்களுக்கு இருந்தது. பறவை இறந்ததும் கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறம் மங்கிவிடும். பழைய தகடுகளில் கால் நிறம் தவறியிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஆகவே முதல் படத்துக்கு நான் வைக்கும் விதி: தெருவில் பார்க்கக் கிடைக்கும் பறவை, உயிரளவில் ஏ3 தாளில் அடங்கும் பறவை. ஏ3 என்பது 29.7-க்கு 42 செ.மீ. நாகணவாய் அலகிலிருந்து வால் நுனிவரை சுமார் 20 செ.மீ. கிளைக்கும் இலைக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. மீன்கொத்தி, கொண்டலாத்தி, செம்மூக்கு ஆள்காட்டி போன்றவையும் அடங்கும்.

படத்தை எடுப்பது

அருங்காட்சியகங்களும் பெரிய நூலகங்களும் பழைய படங்களைப் பெரிய அளவில் தரவிறக்கம் செய்யத் தருகின்றன. பல்லுயிர் மரபு நூலகம் (Biodiversity Heritage Library) என்ற இணையதளத்தில் பழைய பறவை நூல்கள் முழுதாகவே கிடைக்கின்றன. கண்டிப்பாக மிகப் பெரிய அளவுள்ள கோப்பாகவே எடுங்கள். திரையில் பெரிதாக்கினால் தூரிகைக் கோடு தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் படம் உதவாது, வேறு தேடுங்கள்.

உரிமை பற்றி இரண்டு வரி. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருடம் கடந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். இங்கே சொன்ன பழைய ஓவியர்கள் யாருக்கும் அந்தத் தடை இல்லை. இன்றைய பறவைக் கையேடுகளில் இருக்கும் படங்களுக்கு அது பொருந்தாது. அவற்றை நகலெடுத்து விற்கக் கூடாது. பழைய ஓவியமாக இருந்தாலும் விற்பதற்கென்று வரைந்தால், படத்தைத் தந்த நிறுவனம் போட்டிருக்கும் நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

படத்தை இரண்டு முறை அச்செடுங்கள். ஒன்று, பறவை உயிரளவில் வரும்படி ஏ3-இல் கறுப்பு வெள்ளை. தெருவில் இருக்கும் ஜெராக்ஸ் கடையே போதும். இன்னொன்று, தலை மட்டும் பெரிதாக, நல்ல வண்ண அச்சில். வண்ணத்துக்கு அச்சையும் திரையையும் ஒப்பிட்டே பாருங்கள். எதையும் தனியாக நம்ப வேண்டாம்.

தாளும் வண்ணமும் தண்ணீரும்

பணம் போட வேண்டியது தாளில். 300 ஜி.எஸ்.எம். எடையுள்ள, முழுப் பருத்தியால் ஆன நீர்வண்ணத் தாள் வேண்டும். சொரசொரப்பானது நிலக்காட்சிக்கு நல்லது; பறவைக்கு ‘ஹாட் பிரஸ்’ எனப்படும் வழுவழுப்பான வகையே சரி. சொரசொரப்பில் மெல்லிய கோடு உடைந்து உடைந்து போகும். பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் தாள் வியாபாரம் தெரு முழுக்க நடக்கிறது. அட்டையையும் தாளையும் தொட்டுப் பார்த்துப் பழக நல்ல இடம். நீர்வண்ணத் தாளை ஓவியப் பொருள் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் இந்தத் தாள் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. தாளின் மேல் ஒரு பசைப்பூச்சு இருக்கிறது. ஈரக்காற்றில் நாள்பட்டால் அது இடையிடையே செத்துவிடும். வண்ணம் வைத்தால் அங்கங்கே மை உறிஞ்சும் தாள்போல இழுத்துக்கொள்ளும். மலிவாக வருகிறதே என்று இருபது தாள் வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டாம். இரண்டு மூன்று வாங்குங்கள். பாலித்தீன் உறையில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு வையுங்கள்.

வண்ணத்துக்கு டியூப்பில் வரும் நீர்வண்ணம் ஆறு, வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) ஒன்று போதும்: யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. டியூப்பின் பின்புறம் நிறமியின் எண் இருக்கும். யெல்லோ ஆக்கருக்கு பி.ஒய்.43, அல்ட்ராமரினுக்கு பி.பி.29. எண்ணே இல்லாத டியூப்பை நான் வாங்குவதில்லை. அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர்.83, வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் நிறம். சுவரில் மாட்டும் படத்துக்கு அது வேண்டாம். கறுப்பு டியூப்பும் வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கெட்டியாகக் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும்; நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நாகணவாயின் கொண்டை அப்படியே வந்து நிற்கும்.

பிரஷ்ஷில் உருண்டை வகை மூன்று: 6, 2, 0. ஈரத்தில் நுனி ஊசியாகக் கூடினால் நல்ல பிரஷ். கடையிலேயே தண்ணீர் கேட்டு நனைத்துப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நான் தீட்டிய முதல் படத்தில் சாம்பல் நிறம் திப்பிதிப்பியாகக் காய்ந்தது. குடிக்கிற கேன் தண்ணீருக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் குழாயில் உப்புத் தண்ணீர் வந்தால் நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கோடு இறங்குவது

பார்த்து வரைய வராதே என்று தயங்க வேண்டாம். உயிரளவு அச்சின் மேல் டிரேசிங் தாளை வைத்து, கூரான பென்சிலால் கோடு எடுங்கள். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, கோடு இருக்கும் இடங்களில் மட்டும் 2பி பென்சிலால் தேய்த்து, நல்ல தாளின் மேல் வைத்து, மேலிருந்து லேசாக அழுத்தி வரைந்தால் கோடு இறங்கிவிடும். கார்பன் தாள் கூடாது. அதன் மெழுகு அழியாது, மேலே வண்ணமும் பிடிக்காது.

இதைக் குறுக்கு வழி என்று நினைக்காதீர்கள். ஆடுபானின் தகட்டுக்கு வண்ணம் தீட்டியவர்கள் யாரும் பறவையை வரையவில்லை. கோடு அச்சிலேயே வந்துவிட்டது. முதல் படத்தில் நீங்கள் கற்க வேண்டியது வண்ணமும் சிறகும்தான்.

எடுத்த கோட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். மூன்று இடங்களில் ஸ்கேலால் அளந்து சரிபாருங்கள்: அலகு நுனியிலிருந்து கண்வரை, கண்ணிலிருந்து பிடரிவரை, கால் வயிற்றில் சேரும் இடம். அரை மில்லிமீட்டர் கண் தள்ளிப்போனாலும் வேறு பறவை ஆகிவிடும். இறக்கையில் நீண்ட சிறகுகள் மூலத்தில் எத்தனை தெரிகின்றன என்று எண்ணி, அத்தனையே போடுங்கள். தோராயமாகக் கோடு கோடாக இழுப்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

வண்ணம்

கண்ணிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் வைத்துக்கொள்வோரும் உண்டு. எனக்கு அது சரிப்படவில்லை. பத்து மணி நேரம் உழைத்த பிறகு கை நடுங்கிக் கண் கெட்டால் எல்லாம் வீண். தொடக்கத்திலேயே கெட்டால் ஒரு தாளோடு போகும்.

நாகணவாயின் கண் வெளிறியது. நடுவில் கறுத்த பாவை. முதலில் கண் வட்டம் முழுக்க மிக மெல்லிய வெளிர் நிறம் பூசிக் காயவிடுங்கள். அதன் மேல் விளிம்பில், இமையின் நிழல் விழும் இடத்தில், ஒரு பங்கு கூடுதலாக அடர்த்தி. பிறகு பாவை, நடுவிலிருந்து வெளியே மெல்ல விரித்து வட்டமாக்க வேண்டும், கோடு போட்டு உள்ளே நிரப்பக் கூடாது. அது நன்றாகக் காய்ந்த பின், 0 பிரஷ் நுனியில் வெள்ளை குவாஷை எடுத்து, பாவையும் வெளிர் வளையமும் சேரும் இடத்தில் மேல்பக்கமாக ஒரே ஒரு புள்ளி. கடுகில் பாதிகூட இருக்காது. அது விழுந்த கணத்தில் தாளிலிருந்து ஒரு பறவை நம்மைப் பார்க்கும். எத்தனை முறை வரைந்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு மூச்சு நின்று வருகிறது.

அடுத்தது அடிப்பூச்சு. நெஞ்சுக்கு யெல்லோ ஆக்கரில் பர்ன்ட் சியன்னா கொஞ்சம், தண்ணீர் நிறைய. முதுகுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் தளரக் கலந்த சாம்பல். பூச்சு ஓடும் வரை மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மே மாதத்தில் விசிறி ஓடினால் பூச்சு பாதி வழியிலேயே காய்ந்து, நடுநெஞ்சில் ஒரு கரைக்கோடு விழும். அதை எடுக்கவே முடியாது. வியர்த்தாலும் ஐந்து நிமிடம் பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு: தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். புறங்கையை அருகே வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. எந்த மாதமானாலும் கைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும். வியர்வை பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது.

அடிப்பூச்சு இரண்டு மூன்று அடுக்கு ஏறிய பிறகு சிறகு. தலையில் சிறகுக் கோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். நெஞ்சில் நீளும், விலாவில் இன்னும் நீண்டு தளரும். ஒவ்வொரு கோடும் சிறகு முளைக்கும் இடத்தில் தொடங்கி நுனியில் எடை குறைந்து முடிய வேண்டும். கோலத்தில் இழை இழுத்து விடுவதுபோல. கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு இது சீக்கிரம் வருகிறது. என் மனைவிக்கு ஒரே மாலையில் வந்தது, எனக்கு ஒரு மாதம் ஆனது. இறக்கையின் நீண்ட சிறகுகளுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. அவற்றுக்கு ஒவ்வொன்றாக விளிம்பு உண்டு, நடுத்தண்டு உண்டு, அடுத்ததன் மேல் விழும் நிழல் உண்டு. அவசரப்படாமல் ஒரு நாளைக்கு நாலு சிறகு என்று வைத்துக்கொண்டால் அலுப்புத் தட்டாது.

இனி, பழைய ஓவியங்களை நகலெடுப்போர் பெரும்பாலும் விழும் பள்ளத்தைச் சொல்கிறேன். ஒரு பழைய நீர்வண்ணப் படத்தில் பறவையின் கன்னத்தில் சாம்பல் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. இது ஏதோ இனத்தின் அடையாளம் என்று நினைத்து, அப்படியே வரைந்து சட்டமும் போட்டுவிட்டேன். பிறகு அந்தப் பறவையை வேடந்தாங்கலில் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால், கன்னம் பால்போல வெள்ளை. அந்தக் காலத்தில் வெள்ளைக்கு ஈய வெள்ளையைப் பயன்படுத்தினார்கள். காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டுப் பட்டு ஈய வெள்ளை நாளடைவில் கறுக்கும். ஓவியர் வெள்ளை வைத்த இடம் நம் கண்ணுக்குக் கறுப்பாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே மூலத்தில் காரணம் தெரியாத கறுத்த திட்டு, குறிப்பாகக் கண்ணோரம், கன்னம், வயிறு ஆகிய இடங்களில் தெரிந்தால், பறவைக் கையேட்டைப் பாருங்கள். உயிருள்ள பறவையைப் பாருங்கள். அங்கே வெள்ளை என்றால் வெள்ளையே வையுங்கள்.

பின்புலத் தாளின் பழுப்புக்கும் இதே நியாயம்தான். தேநீர் பூசித் தாளைப் பழுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜைனுத்தீன் கைக்கு வந்தது உயர்ந்த ஆங்கிலத் தாள். தேநீர்க் கறை பூஞ்சைக்கும் தீனி.

பறவையைப் பார்த்து வருவது

சிறகு வேலைக்கு இறங்கும் முன் ஒரு காலையாவது வெளியே போய்வாருங்கள். நாகணவாய்க்கு அரசமரம், ஆலமரம், புல்தரை எதுவும் போதும். நீர்ப்பறவை என்றால் பள்ளிக்கரணை. அடையாறு முகத்துவாரமும் நல்ல இடம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பறவைக் கூடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. பாடம் செய்த பறவைகளிடம் இறக்கை எங்கே மடிகிறது, கால்விரல் எப்படிக் கிளையைப் பற்றும் இடத்தில் அமைந்திருக்கிறது என்று நின்று நிதானமாகப் பார்க்கலாம். வண்ணத்துக்கு அவற்றை நம்பக் கூடாது. கூண்டில் பிடித்து வைத்த பச்சைக்கிளியையோ சில்லையையோ மாதிரிக்காக வாங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், அதற்கும் மேலே பாவம்.

வரையக் கை வராதவர்கள்

ஓவியரிடம் சொல்லி வரைந்து வாங்கலாம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அங்கே படிப்பவர்களிடம் விசாரிக்கலாம். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் உருவான சோழமண்டல ஓவியர் கிராமமும் இருக்கிறது. தாள் எது, நிறமி எது என்று முதலிலேயே கேளுங்கள். முன்பு வரைந்த ஒரு பறவையின் தலையைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்குவதாக இருந்தால் கையில் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். அச்சின் மேல் நாலு இடத்தில் வண்ணம் தொட்டுவிட்டுக் கையால் வரைந்தது என்று விற்பதுண்டு. கண்ணாடியில் நுண்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சு.

சட்டம், சுவர்

மயிலாப்பூர் போன்ற இடங்களில் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைகளில் வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் சாமி படம் அச்சுப்படம். அதற்குச் செய்வதையே ஓவியத்துக்கும் செய்துவிடுவார்கள். என் இரண்டாவது படத்தை ஒரு கடையில் அட்டையோடு பசைபோட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி வண்ணத்தின் மேலேயே படிந்திருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்துக் கண்ணாடிக்குள் பழுப்புப் புள்ளிகள் பூத்தன. பிரித்தபோது வால் நுனி கண்ணாடியோடு வந்துவிட்டது.

அதனால் கடைக்காரரிடம் இவ்வளவும் சொல்லிவிடுங்கள், முடிந்தால் எழுதிக் கொடுங்கள்: ஓவியத்தை ஒட்டக் கூடாது, மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் அமிலமில்லாத டேப்பால் தொங்கவிட வேண்டும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் அட்டை, அதாவது ஓவியத்தைச் சுற்றி வரும் நடுவில் வெட்டிய அட்டை, வர வேண்டும், அதுவும் அமிலமில்லாததாக. பின்பக்கம் செய்தித்தாள் வைக்கக் கூடாது. பின் விளிம்பு நான்கையும் டேப் போட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிமீன் பூச்சி புகுந்து தாளைச் சுரண்டும். சட்டத்தின் பின்மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ்களை ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓட அந்த இடைவெளி போதும்.

எந்தச் சுவர் என்பது சட்டத்தைவிட முக்கியம். வெளிச்சுவர் வேண்டாம், வடகிழக்குப் பருவமழையில் அதுதான் ஓதம் காக்கும். மேற்கு வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். பூஜையறை வாசலில் விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் படியும். சமையலறை பக்கம் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவர்தான் உத்தமம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக வரும். கூடத்தில் தரையில் உட்கார்ந்து பேசுகிற வீடு என்றால் ஒரு சாண் இறக்குங்கள்.

சட்டத்தை அடைக்கும் முன், தாளின் பின்புறக் கீழ்மூலையில் பென்சிலால் எழுதுங்கள்: யாருடைய ஓவியம், எந்த ஆண்டு, மூலம் எங்கே இருக்கிறது, நகலெடுத்தவர் பெயர், முடித்த தேதி. ‘நகல்’ என்ற சொல் கண்டிப்பாக இருக்க வேண்டும். முன்பக்கத்தில் உங்கள் கையெழுத்து வேண்டாம். என் நாகணவாயின் பின்னால் இதோடு இன்னொரு வரியும் இருக்கிறது: எந்தத் தெருவில், எந்த மரத்தில் அந்தப் பறவையைப் பார்த்து நெஞ்சின் நிறத்தைச் சரிசெய்தேன் என்று. ஒவ்வொரு வருடமும் புரட்டாசி முடிவதற்குள் படத்தை இறக்கி, பின்பக்க டேப் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டுகிறேன்.